டெத் மேக்னடிக் சிடி: புக்லெட்டுக்கு அஞ்சு, சவுண்டுக்கு ஒண்ணரை

போன மாசம் அமெரிக்க மெட்டல் பேண்ட் மெட்டாலிகாவோட டெத் மேக்னடிக் சிடி வாங்குனேன். ரெண்டாவது தடவையா. மொத காப்பி 2008ல வாங்குனது, அப்ப காலேஜ் மூணாவது வருஷம், கிளாஸ்மேட் ஒருத்தன் "ஒரு தடவ கேட்டுட்டு தரேன் மச்சி"ன்னு எடுத்துட்டு போனான், இப்ப அவன் கனடால செட்டில் ஆயிட்டான், சிடி என்னடா ஆச்சுன்னு கேட்டா சிரிக்கிற எமோஜி மட்டும் வருது. சரி தொலையட்டும்னு பழைய சிடி விக்கிற ஒரு ஆள்கிட்ட ஆன்லைன்ல ஆர்டர் போட்டேன். பபிள் ஷீட்லாம் கிடையாது, வெறும் பிரவுன் கவர்ல வந்துச்சு, பொட்டி மூலைல விரிசல், நடுவுல சிடிய புடிச்சிருக்குற பல்லு ரெண்டு உடைஞ்சு உள்ள கலகலன்னு ஆடுது. கேட்டதுக்கு "பழசுதானே சார், ஓடுதுல்ல"ன்னாரு. ஓடுச்சு. அதுதான் பிரச்சனையே.

மொதல்ல நல்லத சொல்லிடறேன். இந்த புக்லெட் மாதிரி ஒண்ண நான் வேற எந்த ராக் ஆல்பத்துலயும் கைல புடிச்சதில்ல. அட்டைல சவப்பெட்டி ஷேப்ல ஒரு குழி, அத சுத்தி மண்ணு, ஸ்கூல் லேப்ல பேப்பருக்கு கீழ காந்தத்த வெச்சு மேல இரும்புத்தூள் தூவுவோமே, அதே மாதிரி அந்த மண்ணு கோடு கோடா வளைஞ்சு நிக்கும். சாவும் காந்தமும் ஒரே படத்துல. இதோட விடல, குழிய வெறும் படமா அச்சடிக்காம நெஜமாவே பேப்பர வெட்டி ஓட்டை போட்டிருக்காங்க, பக்கத்துக்கு பக்கம் அப்பிடியே உள்ள இறங்கும், மேல இருந்து பாத்தா குழிக்குள்ள எட்டிப் பாக்குற மாதிரியே இருக்கும். டர்னர் டக்வொர்த்னு ஒரு டிசைன் கம்பெனி பண்ண வேலை, 2009 கிராமில பெஸ்ட் ரெக்கார்டிங் பேக்கேஜ் அவார்டே இதுக்குத்தான் குடுத்தாங்க. 2008ல எங்கம்மா இத கைல வாங்கி ரெண்டு பக்கம் திருப்பிட்டு "ஏன்டா, காசு குடுத்து எலி கடிச்சத வாங்கிட்டு வந்திருக்க"ன்னாங்க. ஃபோன் ஸ்க்ரீன்ல கட்டைவிரல் சைஸ்ல தெரியுற கவர பாத்து யாரும் இப்பிடி சொல்ல முடியாது.

இப்ப சவுண்டுக்கு வரேன்.

2008ல வீட்ல என்கிட்ட இருந்தது ஒரு சாதா 2.1 ஸ்பீக்கர் செட்டு, கம்ப்யூட்டர்ல கனெக்ட் பண்ணது. வாங்குன அன்னைக்கு சாயங்காலம் கதவ சாத்திட்டு போட்டேன். ஆரம்பத்துல இதயத்துடிப்பு சத்தம், அப்புறம் சுத்தமான கிட்டார், மெதுவா ஏறுது, சூப்பர்னு உக்காந்திருக்கேன், பேண்ட் மொத்தமா உள்ள வந்த உடனே ஸ்பீக்கர்ல இருந்து கரகரன்னு ஒரு சத்தம். கிட்டார் டிஸ்டார்ஷன்தானேன்னு நெனச்சேன். இல்ல, டிரம் அடிக்கிறப்பல்லாம் கூடவே சேந்து ஒரு கிழிசல் வருது. மூணாவது பாட்டு வரப்ப அம்மா கிச்சன்ல இருந்து "டேய் ஸ்பீக்கர் கிழிஞ்சிருச்சுடா"ங்குறாங்க. எனக்கும் அப்பிடித்தான் பட்டுச்சு. மறுநாள் சப்-ஊஃபர ஒரு கட்டப்பைல போட்டு தூக்கிட்டு ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். அங்க ஒரு சந்துல ஸ்பீக்கர் ரிப்பேர் பண்ற அண்ணன், கோன கழட்டி ரெண்டு விரலால அமுக்கி பாத்தாரு, கரண்ட் குடுத்து அவர்கிட்ட இருந்த ஏதோ பழைய தமிழ்ப் பாட்ட போட்டாரு, தண்ணி மாதிரி ஓடுது. என் சிடிய போட்டாரு. கரகர. திரும்ப அவர் பாட்டு. சுத்தம். என்ன ஒரு மாதிரி பாத்துட்டு "ஸ்பீக்கர்ல ஒண்ணும் இல்ல தம்பி, பாட்டுலதான் கோளாறு"ன்னாரு. காசு கூட வாங்கல.

அந்த அண்ணன் சொன்னதத்தான் அந்த சமயத்துல ஒலகம் பூரா சொல்லிட்டு இருந்தாங்கன்னு எனக்கு அப்புறமாத்தான் தெரிஞ்சுது. 2008 செப்டம்பர் 12 ரிலீஸ், ரிக் ரூபின் ப்ரொட்யூசர், அமெரிக்கால மொத மூணு நாள்லயே 4,90,000 காப்பி போச்சு, நம்பர் ஒன். அதே நேரத்துல ஃபேன்ஸே சேந்து இந்த ஆல்பத்த மறுபடி மிக்ஸ் பண்ணிக் குடுங்கன்னு பெட்டிஷன் போட்டாங்க, 10,000 பேருக்கு மேல கையெழுத்து. மாஸ்டரிங், அதாவது மிக்ஸ் பண்ண பாட்ட சிடிக்கு போறதுக்கு முன்னாடி கடைசியா சரி பண்ற வேலை, அத பண்ண டெட் ஜென்சன், சாதாரண ஆள் இல்ல, அவர் ஒரு ஃபேனுக்கு போட்ட ஈமெயில்ல என்கிட்ட வரும்போதே மிக்ஸ் எல்லாத்தையும் நசுக்கித்தான் அனுப்பியிருந்தாங்க, இதுல என் பேர் இருக்குறதுல எனக்கு பெருமை இல்லங்குற மாதிரி சொல்லி, அது வெளிய வந்து பெரிய பஞ்சாயத்து ஆச்சு. பேண்ட் மட்டும் சவுண்டு நல்லாத்தான் இருக்குன்னு நின்னுட்டாங்க. ஒரே ஆல்பத்துக்கு அட்டைக்காக கிராமி, சவுண்டுக்காக பெட்டிஷன். இந்த கூத்த வேற எங்க பாக்க முடியும்.

இது எதனால ஆகுதுன்னா, சிடில சத்தத்துக்கு ஒரு கூரை உண்டு. ஜீரோ டெசிபல், அதுக்கு மேல ஒரு இம்மி கூட போக முடியாது. அந்தக் காலத்து சிடில எல்லாம் ஸ்னேர், அதாவது டிரம் செட்ல பளீர்னு கேக்குற டிரம், அத அடிக்கிறப்ப மட்டும் மேல போய் கூரைய தொட்டுட்டு வரும், மத்ததெல்லாம் கீழ வசதியா உக்காந்திருக்கும். 90ஸ்ல ஆரம்பிச்சு, ரேடியோலயும் சரி கார் சிடி சேஞ்சர்லயும் சரி என் பாட்டு அடுத்தவன் பாட்ட விட சத்தமா கேக்கணும்னு ஒரு போட்டி. ஆடி மாசம் பக்கத்து பக்கத்து தெருல ரெண்டு கோவில்ல மைக் செட் கட்டுனா என்ன நடக்கும், இவன் ஏத்துனா அவன் ஏத்துவான், அவன் ஏத்துனா இவன் இன்னொரு குழாய் கட்டுவான், கடைசில ரெண்டு பாட்டும் புரியாது. அதேதான். கூரைய ஒசத்த முடியாதுல்ல, அதனால கீழ இருக்குறத எல்லாம் லிமிட்டர்னு உச்சிய அமுக்குற ஒரு கருவிய போட்டு மேல தள்ளுறாங்க, அதுக்கும் மேல தள்ளுனா அலையோட உச்சி வெட்டுப்படுது, அதுதான் கிளிப்பிங், அந்த கரகர. நான் இந்த சிடிய கம்ப்யூட்டர்ல காப்பி பண்ணி ஆடாசிட்டிங்குற ஆடியோ சாஃப்ட்வேர்ல தொறந்து பாத்தேன், அலையே இல்ல, ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் செங்கல் அடுக்குன மாதிரி ஒரே பட்டை. உச்ச சத்தத்துக்கும் சராசரி சத்தத்துக்கும் எவ்ளோ இடைவெளின்னு சொல்ற டைனமிக் ரேஞ்ச் மீட்டர்ல போட்டா 3ங்குது. இவங்களோட மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ் பழைய சிடில அது 12 பக்கம் இருக்கும், அது 1986 ஆல்பம்.

இதுல உச்சகட்ட காமெடி கிட்டார் ஹீரோ. பிளாஸ்டிக் கிட்டார்ல கலர் கலரா பட்டன அமுக்கி வெளையாடுற வீடியோ கேம், அதுல இந்த ஆல்பம் ரிலீஸ் அன்னைக்கே முழுசா டவுன்லோடுக்கு வந்துச்சு. கேமுக்கு கிட்டார் தனி, பேஸ் தனி, டிரம்ஸ் தனின்னு ட்ராக் ட்ராக்கா பிரிச்சு குடுத்தாகணும், ஏன்னா நீங்க தப்பா அமுக்குனா கிட்டார் மட்டும் கட் ஆகணும். அதனால மொத்தத்தையும் சேத்து கடைசில நசுக்குற வேலை அதுல நடக்கல. கேட்டவங்க வாய பொளந்துட்டாங்க, ஸ்னேர் ஸ்னேர் மாதிரி கேக்குது, ட்ருஹியோ வாசிக்கிற பேஸ் தனியா தெரியுது. ஃபேன்ஸ் கேம்ல இருந்தே ஆடியோவ உருவி சுத்த விட்டாங்க. சின்னப் பசங்க வெளையாடுற கேம்ல நல்ல சவுண்டு, காசு குடுத்து சிடி வாங்குனவனுக்கு செங்கல்.

பாட்டு எப்பிடின்னா, அதுதான் வயித்தெரிச்சல், பாட்டெல்லாம் நல்லா இருக்கு. 2003ல செயின்ட் ஆங்கர்னு ஒண்ண போட்டு ஸ்னேர தகர டப்பா மாதிரி தட்டி, ஆல்பம் முழுக்க கிட்டார் சோலோவே இல்லாம பண்ணதுக்கப்புறம் இவங்க அவ்ளோதான்னு முடிவு பண்ணியிருந்தோம். இதுல கிட்டாரிஸ்ட் கர்க் ஹேமெட் சோலோ எல்லாம் திரும்ப வந்துருச்சு, பாட்டெல்லாம் ஏழு எட்டு நிமிஷத்துக்கு நீளமா பழைய மாதிரி நடுவுல திரும்பி திரும்பி போகும். தி டே தட் நெவர் கம்ஸ் மெதுவா ஆரம்பிச்சு பிற்பாதில பிச்சு எறியும், ஆல் நைட்மேர் லாங் கேட்டா பைக் தானா எண்பதுக்கு போயிடும், ஓட்டும்போது கேக்காதீங்க. ஒம்பதாவதா கிட்டத்தட்ட பத்து நிமிஷம் குரலே இல்லாம ஒண்ணு வருது, அது மட்டும் ரெண்டு மூணு நிமிஷம் கம்மியா இருந்திருக்கலாம். மொத்தம் பத்து பாட்டு, 74 நிமிஷம். ஆனா ஒரே மூச்சுல கேக்க முடியாது, நாலாவது பாட்டுலயே காது சோர்ந்துடும். அன்ஃபர்கிவன் 3 ஆரம்பத்துல பியானோ வர அந்த கொஞ்ச நேரந்தான் காதுக்கு ஓய்வு.

எங்க வாட்ஸ்அப் க்ரூப்ல இப்ப ஒரு சீசன் ஓடிட்டு இருக்கு, எல்லாருக்கும் நாப்பது வயசு நெருங்குதுல்ல, "சிடி சவுண்டே தனிடா", "ஸ்ட்ரீமிங்லாம் ஒரு சவுண்டாடா"ன்னு தெனமும் ஒருத்தன் ஃபார்வர்டு போடுறான். கேசட்டுல பென்சில் விட்டு சுத்துற ஃபோட்டோ மட்டும் வாரத்துக்கு ரெண்டு. நானும் நுங்கம்பாக்கம் லேண்ட்மார்க்ல சனிக்கிழம மத்தியானம் வாங்காமலே ரெண்டு மணி நேரம் நின்ன ஆள்தான், எனக்கும் அந்த ஏக்கம் இருக்கு. ஆனா சிடின்னா நல்ல சவுண்டுன்னு யாராச்சும் சொன்னா இந்த சிடிய கைல குடுத்துடுவேன். 16 பிட்டு, 44.1 கிலோஹெர்ட்ஸுன்னு சிடிக்கு உள்ள தர அளவு எல்லாம் இதுலயும் இருக்கு, இவங்களோட 1991 பிளாக் ஆல்பத்துலயும் அதேதான் இருக்கு, அது பளிங்கு மாதிரி கேக்குது, இது செங்கல். குப்பை மாஸ்டர சிடில போட்டா துல்லியமான குப்பை கெடைக்கும், அவ்ளோதான். இன்னும் சொல்லப்போனா இந்த கூச்சல் சண்டைய ஓரளவுக்கு நிறுத்துனதே நீங்க திட்டுற ஸ்ட்ரீமிங்தான், ஸ்பாட்டிஃபை எல்லா பாட்டையும் ஒரே அளவு சத்தத்துக்கு கொண்டு வந்துடுது, அப்ப நசுக்குன பாட்டோட சத்தத்த எறக்கிடுவான், நசுங்குனது மட்டும் அப்பிடியே இருக்கும், லாபம் ஒண்ணும் இல்ல. இத க்ரூப்ல போட்டதுக்கு ஒருத்தன் பென்சில் ஃபோட்டோவ திரும்ப போட்டான்.

2011 அக்டோபர் 30 பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸ்ல இவங்க வாசிச்சப்ப நாங்க அஞ்சு பேர் ராத்திரி ட்ரெயின்ல போனோம். இந்த ஆல்பம் பாட்டும் வந்துச்சு. முன்னாடி அவ்ளோ பெரிய ஸ்பீக்கர் மலை, அந்த சத்தத்துலயும் டிரம்மர் லார்ஸ் உல்ரிச் அடிக்கிற கிக் டிரம் நெஞ்சுல தனியா வந்து இடிக்குது, கிட்டார் தனியா நிக்குது. மூணு வருஷமா கேட்ட பாட்டுக்குள்ள இதெல்லாம் இருந்துச்சான்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

சரி, வாங்கலாமா. பாட்டு மட்டும் போதும்னா சிடி வேண்டாம், பின்னாடி ஐட்யூன்ஸுக்குன்னு வேற மாஸ்டர் ஒண்ணு வந்துச்சு, அதுல கொஞ்சம் மூச்சு விட எடம் இருக்கு, அத தேடிக்கோங்க. அந்த புக்லெட் வேணும்னா கண்ண மூடிட்டு சிடி வாங்குங்க, ஆனா பழசு வாங்குறவங்க ஓட்டை ஓரம் கிழிஞ்சிருக்கான்னு ஃபோட்டோ கேட்டு பாத்துட்டு வாங்குங்க, என்னோடதுல ஒரு பக்கம் லேசா மடங்கியிருக்கு. கார்ல போடலாம், ரோட்டு சத்தத்துல கிழிசல் அவ்ளோவா தெரியாது. நல்ல ஹெட்ஃபோன் வெச்சிருக்குறவங்க தயவுசெஞ்சு கிட்ட போகாதீங்க. நான் இப்ப புக்லெட்ட தனியா எடுத்து புக் ஷெல்ஃப்ல நிக்க வெச்சிருக்கேன், சிடி உடைஞ்ச பொட்டிலயே கலகலன்னு கெடக்கு.

அப்பிடி எடுக்கும்போதுதான் கவனிச்சேன். பொட்டி பின்னாடி பாட்டு லிஸ்ட் இருக்குற தாள்ல, பழைய ஓனர் பென்சில்ல ஏதோ எழுதியிருக்காரு. மூணாவது பாட்டுக்கும் ஆறாவது பாட்டுக்கும் பக்கத்துல ஒரு ஒரு கேள்விக்குறி. கீழ சின்னதா, "சிடி டிஃபெக்ட். கடைல மாத்தணும்". மாத்திக் குடுத்தாங்களான்னு தெரியல, குடுத்திருந்தாலும் அதுவும் இப்பிடித்தான் கரகரன்னு கத்தியிருக்கும்.