ஹூஸ்டன் பெயின் கிளினிக்: மாத்திரையை எண்ணிக் காட்டச் சொல்வார்கள்

முதுகில் டிஸ்க் ஆபரேஷன் செய்தும் இடது காலில் சுண்டி இழுப்பது போகவில்லை. ஹூஸ்டன் மேற்குப் பக்கம் இருக்கும் இந்தக் கிளினிக்குக்கு எட்டு மாதமாகப் போகிறேன். பெயர் போடவில்லை, கொஞ்சம் திட்டவும் போவதால்.

முதல் நாள் எரிச்சல்தான் வந்தது. ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வாங்கினார்கள்: வலி மாத்திரையை இந்த ஒரு டாக்டர்தான் எழுதுவார், ஒரே மருந்துக்கடையில்தான் வாங்க வேண்டும், கேட்டபோதெல்லாம் சோதனைக்குச் சிறுநீர் கொடுக்க வேண்டும். "நான் என்ன திருடனா?" என்று வீட்டில் வந்து புலம்பினேன்.

நான்காவது மாதம் போன் வந்தது, நாளைக்கே மாத்திரை பாட்டிலோடு வரச் சொல்லி. நர்ஸ் நீலத் தட்டில் கொட்டி, தட்டையான குச்சியால் ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணினார். 19 இருக்க வேண்டும், 23 இருந்தது. வலி அடங்கியிருந்த நாட்களில் நான் போடவில்லை. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, என்னிடமும் கேட்டு, அடுத்த மாதத்துக்குக் குறைத்தே எழுதினார். அன்றோடு என் புலம்பல் நின்றது.

கெடுபிடிக்குக் காரணம் உண்டு. ஹைட்ரோகோடோன் (வலிக்கு), சானாக்ஸ் (பதற்றத்துக்கு), சோமா (தசை இறுக்கத்துக்கு) என்று அடிமையாக்கக்கூடிய மூன்று மாத்திரைகளையும் சேர்த்து எழுதிக் கொடுப்பதற்கு 'ஹூஸ்டன் காக்டெயில்' என்றே பெயர் வந்த ஊர் இது. நோயாளிகளில் பாதிக்கு மேல் மாதாமாதம் இந்த வகை மாத்திரை வாங்கும் கிளினிக், சில விலக்குகள் தவிர, 2010 செப்டம்பரிலிருந்து டாக்டர்களுக்கு உரிமம் கொடுத்துக் கண்காணிக்கும் டெக்சஸ் மெடிக்கல் போர்டில் பதிவு செய்தாக வேண்டும். உரிமையாளர் டாக்டராக இருக்க வேண்டும். திறந்திருக்கும் நேரத்தில் 33 சதவீதமாவது அவர் அங்கே இருக்க வேண்டும். 2020 மார்ச்சிலிருந்து, எழுதுவதற்கு முன், நோயாளி ஏற்கெனவே எங்கே என்ன வாங்கினார் என்று காட்டும் மாநில மருந்துப் பதிவேட்டைப் பார்ப்பதும் கட்டாயம்.

இதற்கு முன் வேறொரு இடத்துக்குப் போனேன். நெயில் சலூனுக்குப் பக்கத்துக் கடை, ரொக்கம் மட்டும், எம்ஆர்ஐ படத்தை யாரும் கேட்கக்கூட இல்லை. காரில் உட்கார்ந்து போர்டின் இணையதளத்தில் அந்த டாக்டர் பெயரைத் தட்டினேன். ஒழுங்கு நடவடிக்கை உத்தரவு இருந்தது. அப்படியே வண்டியைத் திருப்பிவிட்டேன். இந்தத் தேடலுக்குக் காசு கிடையாது, போகும் முன் செய்துவிடுங்கள்.

ஆனால் கண்காணிப்புக்கு இன்னொரு முகமும் உண்டு. காத்திருப்பு அறையில் பழக்கமான ஒரு பெரியவர், எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்தவர். அவருடைய பழைய டாக்டர் போர்டுக்குப் பயந்து அளவை ஒரேயடியாகப் பாதியாக்கிவிட்டாராம், இரண்டு வாரம் தூக்கமே இல்லையாம். திடீரென்று குறைக்காதீர்கள் என்று அமெரிக்க நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி-யின் 2022 வழிகாட்டியே சொல்கிறது. இங்கே அவருக்கு மெதுவாகத்தான் இறக்குகிறார்கள்.

இனி திட்டு. சிறுநீர் அனுப்பும் லேப் என் இன்சூரன்ஸில் இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. வீட்டுக்கு 240 டாலர் பில் வந்தது. 9:30 அப்பாயின்ட்மென்ட்டுக்கு 10:50க்குத்தான் கூப்பிடுகிறார்கள். அதுவரை உட்கார இரும்பு மடக்கு நாற்காலி, வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் முதுகுவலிக்காரர்கள்!

ஐந்துக்கு மூன்றரை. போகிறவர்கள் லேப் பெயரை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், அப்புறம் ஒரு குஷனும் எடுத்துப் போங்கள்.