துணி டயப்பர்: எந்த வகை உண்மையிலேயே எளிது?

துணி டயப்பர் விற்பவர்கள் எல்லோரும் தங்கள் டயப்பரைப் பயன்படுத்துவது மிக எளிது என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் காட்டும் படங்களில் குழந்தை சிரித்தபடி மல்லாந்து கிடக்கிறது; தாய் இரண்டு பட்டன்களை அழுத்துகிறார்; வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் டயப்பரை மாட்டுவதற்குச் சில நொடிகள்தான் ஆகும். அதைக் கழற்றி, கழிவை நீக்கி, உள்துணியை உருவி, துவைத்து, உலர்த்தி, மீண்டும் கோத்து அடுக்கி வைப்பதற்குள் ஒரு நாளே ஓடிவிடுகிறது. ஆகவே ஒரு டயப்பர் எளிதானதா என்பதைக் கழற்றிய பிறகு நமக்கு வந்து சேரும் வேலையை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து. பரவலாகக் கிடைக்கும் வகைகளை இங்கு அந்த அளவுகோலைக் கொண்டே மதிப்பிடுகிறேன்.

முதலில் 'ஆல்-இன்-ஒன்' வகை. வெளிப்புற நீர்புகாத் துணி, நடுவில் ஈரம் உறிஞ்சும் அடுக்குகள், உடலைத் தொடும் மெல்லிய துணி ஆகிய மூன்றும் ஒன்றாகத் தைக்கப்பட்டிருப்பதால், எடுத்து மாட்டுவதைத் தவிர வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வரும் தாத்தா, பாட்டிக்கோ குழந்தைகள் காப்பகத்தில் இருப்பவர்களுக்கோ விளக்கமே தேவைப்படாத வகை இது. ஆனால் அத்தனை அடுக்குகளும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தைத்திருப்பதால் நடுப்பகுதி உலர்வதற்கு நெடுநேரம் ஆகிறது. மழை நாட்களில் தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும், தையல் ஓரத்தை இரு விரல்களால் அழுத்திப் பார்த்தால் உள்ளே ஈரம் தங்கியிருப்பது தெரியும். அந்த ஈரம்தான் நாளடைவில் முடைநாற்றமாக மாறுகிறது. மாட்டுவதற்கு முழு மதிப்பெண் கொடுத்தாலும் உலர்த்துவதற்குப் பாதிகூடக் கொடுக்க முடியாது. வெளியே செல்லும் நேரத்துக்கென இரண்டு மூன்று வைத்திருக்கலாம்; முழுத் தேவைக்கும் இதையே நம்ப வேண்டாம்.

இதற்கு நேர் எதிரானது மடித்துப் போடும் சதுரப் பருத்தித் துணியும் அதன்மேல் அணிவிக்கும் நீர்புகாக் கவரும். ஓரடுக்குத் துணி என்பதால் அழுக்கு முழுவதும் போய்விடும். காற்றோட்டமான இடத்தில் விரித்துப் போட்டால் விரைவில் காய்ந்தும் விடும். கவரில் மலம் படாதவரை அதை ஒரு முறை துடைத்து, அடுத்த துணிக்கும் பயன்படுத்தலாம். இடுப்பைச் சுற்றி மடித்துக் கட்டும் முறை பழகுவதற்குச் சில நாட்கள் பிடிக்கும் என்றாலும், துணியை நீளவாக்கில் மூன்றாக மடித்துக் கவருக்குள் வெறுமனே வைத்தாலே பெரும்பாலான நேரங்களில் போதும். பிறந்த குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறு இல்லை என்றே சொல்வேன். 'எல்லா வயதுக்கும் ஒரே அளவு' என்று விற்கப்படும் டயப்பர்கள் பெரும்பாலும் 4 கிலோ எடையை எட்டிய பிறகே தொடையில் சரியாகப் பொருந்துகின்றன. அதுவரை இரு கால்களின் ஓரத்திலும் இடைவெளி இருந்துகொண்டே இருக்கும்.

அடுத்தது 'பாக்கெட்' வகை. வெளித்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே பை போன்ற திறப்பு ஒன்று இருக்கும். அதற்குள் ஈரம் உறிஞ்சும் தனித் துணிப்பட்டையான இன்சர்ட்டைச் செருக வேண்டும். செருகும் வேலை கூடுதல்தான். ஆனால் துவைத்தவற்றை மடிக்கும்போதே செருகி வைத்துவிட்டால், மாட்டும் நேரத்தில் ஆல்-இன்-ஒன்னுக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது. துவைக்கும்போது இரண்டும் தனித்தனியாகப் பிரிந்துவிடுவதால் உலர்வதும் விரைவு. இரவில் இன்னொரு இன்சர்ட்டைச் சேர்த்துச் செருகலாம். நான் பயன்படுத்தியவற்றில் அன்றாடத்துக்கு ஏற்றதாக நின்றது இந்த வகையே.

ஆனால் பாக்கெட் டயப்பர்கள் எல்லாம் ஒன்றுபோல் இல்லை. வாங்கும்போது கவனிக்க வேண்டியது அந்தத் திறப்பைத்தான். விரித்த உள்ளங்கை தாராளமாக நுழையாத அளவுக்குத் திறப்பு குறுகலாக இருந்தால், செருகிய இன்சர்ட் உள்ளே சுருண்டு, முன்பக்கம் வெறுமையாகி, கசிவு அங்கிருந்துதான் தொடங்கும். திறப்பு பின்புறம் மட்டும் இருந்தால், நனைந்த இன்சர்ட்டைக் கையைவிட்டு உருவியெடுத்த பிறகே துவைக்கப் போட வேண்டும். மலம் பட்ட டயப்பரில் அது மனத்துக்கு உவந்த வேலை அல்ல. முன்னும் பின்னும் திறப்புள்ளவற்றில், வாஷிங் மெஷினின் சுழற்சியிலேயே இன்சர்ட் பெரும்பாலும் தானாக வெளியே வந்துவிடுகிறது. பார்ப்பதற்கு மிகச் சிறிய வேறுபாடுதான். நாள்தோறும் பல முறை செய்யும் வேலை என்பதால் அதுவே பெரிதாகிவிடுகிறது. வண்ணத்தையும் பூப்படத்தையும் பார்த்து வாங்குகிறவர்கள் (அவற்றின் கவர்ச்சிக்கு நானும் விலக்கல்ல) இதையும் ஒரு முறை திருப்பிப் பார்த்துக்கொள்வது நல்லது.

கவரின் உட்புறத்தில் இன்சர்ட்டைப் பட்டனால் பொருத்தும் 'ஆல்-இன்-டூ' வகையும் உண்டு. நனைந்த இன்சர்ட்டை மட்டும் மாற்றிக் கவரைத் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்பது அதன் வசதி. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலம் தண்ணீராக இருப்பதால் கவரும் அடிக்கடி நனைந்துவிடுகிறது. அந்தப் பருவத்தில் சொல்லப்படும் சிக்கனம் கைக்குக் கிடைப்பதில்லை.

இனி, இடுப்பில் மூடும் முறை. டயப்பரை ஊசியால் குத்தி மூடிய காலத்தில், அமெரிக்காவைச் சேர்ந்த மேரியன் டோனோவன் 1946இல் குளியலறைத் திரையை வெட்டி நீர்புகா டயப்பர் கவர் ஒன்றைத் தைத்தார். பின்னர் அதில் ஊசிக்குப் பதிலாக அழுத்து பட்டன்களை வைத்தார். 1951இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். இன்றைய போட்டி பட்டனுக்கும் வெல்க்ரோவுக்கும் இடையில்தான். வெல்க்ரோ எந்த இடத்திலும் ஒட்டும் என்பதால் இடுப்பளவுக்கு மிகச் சரியாக இறுக்கலாம். புரண்டுகொண்டே இருக்கும் குழந்தைக்கு விரைவாக மாட்டவும் முடியும். ஆனால் துவைக்கத் துவைக்க அதில் நூல்பிசிறுகள் சேர்ந்து பிடிப்புக் குறைகிறது. ஓரங்கள் சுருண்டு வயிற்றை உரசுகின்றன. ஏறத்தாழ ஒரு வயதில் குழந்தையே அதைப் பிரித்தெறியக் கற்றுக்கொள்கிறது. பட்டன் நீண்ட நாள் உழைக்கும். பக்கத்துக்கு ஒன்றாக இல்லாமல் மேலும் கீழுமாக இரண்டு பட்டன்கள் இருப்பதைத் தேர்ந்தெடுத்தால், பட்டையின் நுனி தொங்காமல் இடுப்பும் தொடையும் தனித்தனியாகப் பொருந்தும்.

டயப்பரை நிறையப் பேர் குறை சொல்லும் கசிவுக்கு உண்மைக் காரணம் பெரும்பாலும் இன்சர்ட்தான். விலை குறைந்த தொகுப்புகளுடன் வரும் மைக்ரோஃபைபர் (மிக நுண்ணிய செயற்கை இழை) இன்சர்ட் ஈரத்தை விரைவாக இழுத்துக்கொள்கிறது, விரைவாகக் காய்கிறது. ஆனால் அழுத்தினால் இழுத்ததை வெளியே விட்டுவிடுகிறது. அரை டம்ளர் தண்ணீரை அதன்மேல் ஊற்றிவிட்டு உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். விரலிடுக்குகளில் நீர் வழியும். குழந்தை உட்காரும்போது நடப்பதும் அதுவே. பருத்தியும் மூங்கில் கூழிலிருந்து செய்யப்படும் விஸ்கோஸ் துணியும் அழுத்தத்தை ஓரளவு தாங்குகின்றன. சணலைப் போன்ற ஒரு செடியின் நாரால் ஆன ஹெம்ப் மெதுவாக உறிஞ்சினாலும் உறிஞ்சியதை நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆகவே இரவுக்கு மேலே மைக்ரோஃபைபர் அல்லது பருத்தி, கீழே ஹெம்ப் என்று இரண்டையும் சேர்த்துச் செருகுவது நல்ல பலனைத் தருகிறது. மைக்ரோஃபைபர் தோலின் இயல்பான ஈரப்பதத்தையும் உறிஞ்சி வறட்சியை உண்டாக்கக்கூடியது. ஆகையால் அது நேரடியாக உடலில் படக் கூடாது. பருத்தி, ஹெம்ப் ஆகியவற்றில் இயற்கையான எண்ணெய்ப்பசை இருக்கும் என்பதால், பல முறை துவைத்த பிறகே அவை முழு அளவுக்கு உறிஞ்சும். முதல் நாளிலேயே கசிகிறது என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

மற்றொரு காரணம் பொருத்தம். கால் எலாஸ்டிக் தொடையின் நடுவில் அமராமல், உள்ளாடை அமர்வதுபோல் தொடை இடுக்கின் மடிப்பில் அமர வேண்டும். மாட்டிய பிறகு ஓரத்தைச் சுற்றி ஒரு விரலை ஓட்டி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உள்துணியை உள்ளே தள்ளிவிடுங்கள். ஒரு விரற்கடை அளவு உள்துணி வெளியே இருந்தாலும், ஈரம் அதன் வழியே ஊறி உடுப்பை நனைத்துவிடும். முன்புறம் மூன்று வரிசையாக உள்ள பட்டன்கள் உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும்தான். குழந்தை வளர வளர அவற்றை ஒவ்வொரு வரிசையாகத் திறந்துவிட வேண்டும்.

துவைப்பதில் பெரிய நுணுக்கம் எதுவும் இல்லை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலம் தண்ணீரிலேயே கரைந்துவிடும். திட உணவு தொடங்கிய பிறகு அதைக் கழிவறையில் தட்டிவிட்டுத்தான் துவைக்க வேண்டும். முதலில் ஓர் அலசல், பிறகு போதுமான சலவைத்தூளுடன் முழுச் சலவை. துணி வாசனைக்கும் மென்மைக்கும் ஊற்றும் கண்டிஷனர் இழைகளின்மேல் படலமாகப் படிந்து, உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடுகிறது. துத்தநாக ஆக்சைடு கலந்த புண் களிம்பும் அப்படித்தான். களிம்பு தடவ வேண்டியிருந்தால் உடலுக்கும் டயப்பருக்கும் இடையில் லைனர் எனப்படும் மெல்லிய விரிப்பு ஒன்றை விரித்துக்கொள்ளலாம். நீர்புகாத் துணி என்பது பாலியஸ்டர் துணியின்மேல் பாலியூரித்தேன் படலம் ஒட்டியது. கொதிக்கும் நீரில் போட்டால் அந்தப் படலம் பிரிந்துவிடும். இன்சர்ட்களை நல்ல வெயிலில் காயவைக்கலாம். கவரையும் எலாஸ்டிக் உள்ள டயப்பரையும் நிழலில் போடுவதே பாதுகாப்பு.

பிறந்த குழந்தைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 12 முறை டயப்பர் மாற்ற நேரிடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் துவைக்கும் வீட்டுக்கு 20 முதல் 24 உறிஞ்சும் துணிகளும் ஐந்தாறு கவர்களும் இருந்தால் தட்டுப்பாடு வராது; சில மாதங்களில் தேவை தானாகக் குறையும். பாக்கெட் டயப்பர்களை ஒரே நிறுவனத்தின் பெரிய தொகுப்பாக வாங்காமல், இரண்டு மூன்றை வாங்கித் துவைத்து, இரவும் பகலும் போட்டுப் பார்த்த பிறகு மீதியை வாங்குவது நல்லது. ஒருவரின் குழந்தைக்குச் சொட்டுக்கூடக் கசியாத டயப்பர், தொடை ஒல்லியாக உள்ள இன்னொரு குழந்தைக்கு உதவாமல் போகலாம்.

பிறர் பயன்படுத்தியவற்றை வாங்குவதிலும் தயக்கம் தேவையில்லை. மூன்று சோதனைகள் போதும். கால் எலாஸ்டிக்கை இழுத்து விட்டால் அது உடனே சுருங்க வேண்டும். பட்டன் ஒவ்வொன்றும் அழுத்தும்போது 'டக்' என்ற ஒலியுடன் பூட்ட வேண்டும். கடைசியாக, கவரை உட்புறம் வெளியே வருமாறு திருப்பி விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். படலத்தில் வெடிப்போ கொப்புளமோ தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்க வேண்டாம். எலாஸ்டிக் தளர்ந்திருந்தால் மாற்றித் தைத்துக்கொள்ளலாம். பிரிந்த படலத்தை மீண்டும் ஒட்ட வழியில்லை.