பூச்சாறு எடுக்கத் தண்ணீரா, எத்தனாலா?

செம்பருத்தி, சங்குப்பூ இரண்டிலிருந்தும் ஆன்டிஆக்ஸிடன்ட் பொருள்களைப் பிரித்தெடுக்க ஒரு கரைப்பானை முடிவு செய்ய வேண்டியிருந்தது. தண்ணீரில் தொடங்கினேன். கடைசியில் 60 சதவீத எத்தனாலுக்கு, அதாவது தண்ணீர் கலந்த ஆல்கஹாலுக்கு, மாறிவிட்டேன்.

தண்ணீரின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: செலவில்லை, தீப்பிடிக்காது, அப்படியே குடிக்கலாம். இந்தப் பூக்களின் நிறப்பொருளான ஆந்தோசயனின் நீரில் நன்றாகவே கரையும். 60 டிகிரி வெந்நீரில் காய்ந்த செம்பருத்தி இதழைப் போட்டால் சில நிமிடங்களில் நிறம் இறங்கிவிடும்.

சிக்கல் வடிகட்டும்போதுதான் தொடங்குகிறது. நிறத்தோடு இதழின் வழுவழுப்பும் சேர்ந்து இறங்கிவிடும். வடிதாளில் ஊற்றினால் முதலில் மளமளவென்று இறங்கும், பிறகு சொட்டுச் சொட்டாக, பிறகு அதுவும் நின்றுவிடும். தாளின் மேல் சளி மாதிரி ஒரு படலம். மூன்று தாள் மாற்றியும் பாதிச் சாறு மேலேயே நின்றது. அதே இதழை எத்தனால் கலவையில் ஊறவைத்தபோது அந்த வழுவழுப்பு பெரும்பாலும் இதழிலேயே தங்கிவிட்டது; சாறு தெளிவாக வடிந்தது.

எனக்கு முடிவைச் சொன்னது அதைவிடப் பெரிய விஷயம்: சாறு எத்தனை நாள் தாங்கும் என்பது. ஃப்ரிட்ஜில் வைத்திருந்த தண்ணீர்ச் சாற்றின் மேல் ஐந்தாம் நாள் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. கிருமியைத் தடுக்கும் என்று நாம் நம்பும் சாற்றிலேயே பூஞ்சையா என்று முதலில் திகைத்தேன். யோசித்தால் புரிகிறது. கிருமியை வளர்த்துச் சோதிக்கும் அகர் தட்டில் வைப்பது செறிவான சாறு. பாட்டிலில் இருப்பதோ நீர்த்தது, பூவின் சர்க்கரையும் கலந்தது. பாக்டீரியாவைத் தடுக்கும் பொருள் பூஞ்சையையும் தடுக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. 60 சதவீத எத்தனாலில் பூஞ்சை வளராது. ஆனால் எத்தனாலை ஆவியாக்கி நீக்கியதும் அந்தக் காவல் போய்விடும். உடனே உலர்த்திப் பொடியாக்கிவிட வேண்டும். குறைந்த அழுத்தத்தில் 40 டிகிரியிலேயே எத்தனால் போய்விடுவதால் நிறமும் அதிகம் கெடுவதில்லை.

சுத்த எத்தனால் இன்னும் நல்லதோ என்றால், இல்லை. சர்க்கரை ஒட்டிய பாலிஃபீனால்கள் (பூவிலுள்ள ஆன்டிஆக்ஸிடன்ட் பொருள்கள்) வெளிவரக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும். இதழ் ஊறி உப்பவும் அதுதான் உதவும்.

எத்தனாலில் இரண்டு கவனம் தேவை. ஆவி தீப்பற்றும், பக்கத்தில் சுடர் கூடாது. அடுத்தது, எத்தனாலே கிருமியைக் கொல்லும். அதனால் அகர் சோதனையில் வெறும் கரைப்பானில் நனைத்த காகித வட்டு ஒன்றையும் உலர்த்திப் பக்கத்தில் வைக்காமல், சாறு வட்டைச் சுற்றிக் கிருமி வளராமல் தெரியும் தெளிவளையத்தைப் பூவின் கணக்கில் எழுதவே கூடாது.

வேறு கரைப்பான்களும் உண்டு. கிளிசரின் 290 டிகிரியில்தான் கொதிக்கும், அதனால் சாற்றிலிருந்து நீக்க முடியாது. கிளிசரினோடேயே பயன்படுத்தும் க்ரீமுக்குச் சரி, பொடிக்கு ஆகாது. சாமந்தியின் மஞ்சள் நிறப்பொருளான லூட்டீன் கொழுப்பில் கரைவது, தண்ணீர் அதற்கு உதவாது. அதை அழுத்தமூட்டிய கார்பன் டை ஆக்சைடில் எடுப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்ததோடு சரி, நானே செய்ததில்லை. அதனால் அந்த முறைக்கு மதிப்பெண் போடப் போவதில்லை.

அன்றன்றே குடித்துத் தீர்க்கும் பானம் என்றால் இன்றும் தண்ணீரில்தான் எடுக்கிறேன், அதுவும் துணியில் வடிகட்டி.