‘0.3%’ லேபிளை நம்பி ஹெம்ப் கம்மீஸ் வாங்காதீர்கள்

அமெரிக்காவில் கேஸ் ஸ்டேஷன் கல்லா ஓரத்தில் தொங்கும் ஹெம்ப் (போதை குறைந்த கஞ்சாச் செடி வகை) கம்மீஸ் மிட்டாய் பாக்கெட்டுகளில், கஞ்சாவில் போதை தரும் முக்கியப் பொருளான ‘டெல்டா-9 டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்குள்’ என்று போட்டிருக்கும். அது பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஏமாற்றெல்லாம் கணக்கில்தான்.

ஹெம்பைச் சட்டப்பூர்வமாக்கிய 2018 ஃபார்ம் பில் (வேளாண் சட்டம்) வரம்பை எடைக்கு இத்தனை சதவீதம் என்று வைத்தது. வயலில் நிற்கும் செடிக்கு அது சரி. 4 கிராம் கம்மீஸ் ஒன்றில் 0.3% என்றால் 12 மில்லிகிராம். கலிபோர்னியாவில் லைசென்ஸ் பெற்ற கஞ்சாக் கடையிலேயே ஒரு வேளைக்கு 10 மில்லிகிராம்தான் உச்சம். மிட்டாயைப் பெரிதாக்கினால் போதையும் சட்டப்படியே ஏறும்!

டி.எச்.சி.யின் இன்னொரு வகையான, இதுவும் போதை தரும் டெல்டா-8 செடியில் இம்மியளவுதான் உண்டு. கடைக்கு வருவது பெரும்பாலும் ஹெம்பில் உள்ள, போதை தராத சி.பி.டி.யைக் கரைப்பானில் கரைத்து, அமிலம் சேர்த்து மாற்றியது. சரியாகச் சுத்திகரிக்காவிட்டால் அந்த மிச்சங்களும், இன்னதென்று தெரியாத துணைப்பொருட்களும் உள்ளே போகும். டி.எச்.சி.யாக மாறக்கூடிய அமிலம் நிறைந்த ‘டி.எச்.சி.ஏ. பூ’ இன்னும் மோசம். பற்றவைத்தால் டி.எச்.சி. ஆகிவிடும், பாக்கெட்டில் டி.எச்.சி.ஏ. 20 சதவீதம் என்றிருந்தால், மாறும்போது குறையும் எடைக்காக 0.877-ஆல் பெருக்குங்கள், 17.5% வரும். சாட்சாத் கஞ்சாவேதான்.

க்யூஆர் கோடில் வரும் லேப் ரிப்போர்ட்டில் பேட்ச் எண் பாக்கெட்டோடு ஒத்துப்போகிறதா? சோதித்தது கம்மீஸையா, மூலப்பொருளான சி.பி.டி. பொடியையா? டெல்டா-9 அளவை மட்டும் காட்டி டெல்டா-8-ஐ விட்டிருந்தாலோ, கரைப்பான் மிச்சம், ஈயம், பூச்சிக்கொல்லிச் சோதனைகள் இல்லாவிட்டாலோ வாங்காதீர்கள்.

சாப்பிட்டது ஏற அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். ‘ஒன்றும் செய்யவில்லையே’ என்று இரண்டாவதைப் போடுகிறவர்கள்தான் எமர்ஜென்சிக்குப் போகிறார்கள். பிரபல சிப்ஸ், மிட்டாய் போலவே உறை போட்டு விற்பதால் குழந்தைகளும் எடுத்துவிடுகிறார்கள். 2021 ஜனவரி முதல் 2022 பிப்ரவரி வரை விஷ முறிவு மையங்களுக்கு வந்த 2,362 டெல்டா-8 கேஸ்களில் 41% பேர் 18 வயதுக்குட்பட்டவர்கள். குழந்தை தள்ளாடினாலோ அளவுக்கு மீறித் தூங்கி வழிந்தாலோ விஷ முறிவு மையத்தின் 1-800-222-1222 எண்ணை அழையுங்கள். எழுப்ப முடியாவிட்டால், மூச்சு திணறினால் உடனே 911. வேலைக்கான சிறுநீர்ச் சோதனையில் ‘ஹெம்ப்தான்’ என்ற சமாதானம் எடுபடாது.

2025 நவம்பர் 12 அன்று கையெழுத்தான சட்டம் ஒரு டப்பாவுக்கு மொத்தம் 0.4 மில்லிகிராம் டி.எச்.சி. என்று வரம்பு வைத்தது, நடைமுறைக்கு ஓராண்டு அவகாசத்தோடு. அந்த அவகாசத்தை நீட்ட விடாதீர்கள் என்று உங்கள் காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுதுங்கள். மாநில உறுப்பினரிடம் 21 வயது வரம்பு, குழந்தை திறக்க முடியாத மூடி, விற்பனைக்கு வரும் பொருளையே சோதிக்கும் கட்டாயம் மூன்றையும் கேளுங்கள். ஏற்கனவே பாதிக்கப்பட்டிருந்தால் பாக்கெட்டையும் பில்லையும் தூக்கிப் போடாமல், பேட்ச் எண்ணோடு எஃப்.டி.ஏ.வின் (உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு) மெட்வாட்ச் புகார்த் தளத்தில் புகார் பதியுங்கள்.