பைபாஸ், ஃபேன், ஸ்டீம்: வீட்டு ஹியூமிடிஃபையரில் எது உண்மையில் ஸ்மார்ட்?

கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுரீரென்று ஷாக். விடிந்து எழுந்தால் தொண்டை வறண்டு கிடக்கும். மரத்தரைப் பலகைகளுக்கு நடுவே நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடும் வீட்டில் இருந்தவர்களுக்கு இதெல்லாம் பழகிய கதை. வெளியே பனி மூடிக் கிடக்கும்போது உள்ளே மட்டும் ஏன் இந்த வறட்சி?

குளிர்ந்த காற்றில் நீராவி அதிகம் இருக்க முடியாது. 0 டிகிரியில் 100 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் காற்றை உள்ளே இழுத்து 20 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஒப்பு ஈரப்பதம் (அந்தச் சூட்டில் இருக்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இருக்கிறது என்பது) சுமார் 26 சதவீதமாக இறங்கிவிடும். மைனஸ் 10 டிகிரிக் காற்றென்றால் 11 சதவீதம்தான். ஹீட்டர் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவதில்லை. சந்து பொந்துகளில் கசிந்து நுழையும் காற்றே காய்ந்த காற்று. காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையர் வாங்குவதற்கு முன் இது மனதில் பதிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

மேசை மேல் வைக்கும் சின்னக் கருவிகளை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். ஒரு படுக்கையறைக்கு அவை போதும். வீடு முழுக்க என்றால் தினமும் தொட்டி நிரப்பியே பொழுது போகும். அதிர்வால் தண்ணீரைப் புகைபோல ஆக்கும் அல்ட்ராசோனிக் வகை, தண்ணீரில் உள்ள உப்புகளையும் சேர்த்துத் தூவுவதால் சாமான்கள் மேல் வெள்ளைத் தூள் படியும். காய்ச்சி வடித்த நீர் ஊற்றினால்தான் இதற்கு விடிவு. தேங்கிய தொட்டியில் கிருமி வளரும், அதையும் அது தூவும். அதற்காகக் கிருமிநாசினியைத் தொட்டியில் கலப்பது பேராபத்து. தென்கொரியாவில் அப்படிக் கலந்த மருந்துகளே பலரின் நுரையீரலைச் சிதைத்தன என்பது 2011இல் வெளிப்பட்டது.

இனி டக்டில், அதாவது ஹீட்டரின் காற்றை அறைகளுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் குழாயில், பொருத்தும் மூன்று வகைகள். பைபாஸுடன் நான்கு குளிர்காலம் காலம் தள்ளினேன். இப்போது என் வீட்டில் இருப்பது ஸ்டீம். ஃபேன் வகையைத் தங்கை வீட்டில் போகும்போதெல்லாம் திறந்து பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

பைபாஸ் எளிமையான சாதனம். சூடான டக்டுக்கும் திரும்பிவரும் டக்டுக்கும் நடுவே ஒரு குறுக்குக் குழாய். காற்றின் ஒரு பகுதி அதன் வழியே, தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும் சல்லடை போன்ற ஒரு பேடைத் தாண்டிப் போகும். போகும்போது ஈரத்தை எடுத்துக்கொள்ளும். சொந்தமாக விசிறி இல்லை, சத்தமும் இல்லை. மின்சாரம் வால்வைத் திறந்து மூட மட்டும். பெட்டியில் ‘நாளுக்கு 45 லிட்டர்’ என்ற மாதிரி எழுதியிருப்பார்கள். இங்கேதான் நான் ஏமாந்தேன். அந்தக் கணக்கு ஹீட்டர் 24 மணி நேரமும் ஓடி, டக்டில் ஏறக்குறைய 49 டிகிரிச் சூடு இருந்தால் கிடைப்பது. ஹீட்டர் நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரமே ஓடினால் 45 என்பது 15 ஆகிவிடும். நல்ல கடுங்குளிரில் ஓட்டம் அதிகம், ஈரமும் கிடைக்கும். மிதமான குளிரில் ஹீட்டர் அவ்வப்போதுதான் எழும், ஈரமும் அவ்வளவுதான். முதல் வருடம் கருவி பழுது என்றே நினைத்து ஆளைக் கூப்பிட்டேன். அவர் பேடைக்கூடத் தொடவில்லை, ஹீட்டர் எத்தனை மணி நேரம் ஓடியது என்றுதான் கேட்டார்.

இன்னொரு குறை, வீணாகும் தண்ணீர். பேடில் விழுவதில் ஒரு பங்குதான் ஆவியாகிறது, மிச்சம் நேராகச் சாக்கடைக்குப் போகிறது. இதைக் குறையென்று மட்டும் சொல்லவும் முடியாது. அப்படி வழிந்தோடும் தண்ணீர்தான் உப்பைக் கழுவிக்கொண்டு போகிறது, தொட்டியில் தேங்காததால் பாசியும் பிடிப்பதில்லை. பழைய உருளை வகையில், நீர்த்தட்டில் பஞ்சு உருளை முங்கிச் சுழலும். அந்தத் தட்டு கொஞ்ச நாளில் என்ன நிலையில் இருக்கும் என்று சொல்ல வேண்டாம்.

ஃபேன் வகையும் இதே பேட், இதே தண்ணீர்தான். கூடவே சொந்த விசிறி உண்டு, குறுக்குக் குழாய் தேவையில்லை. அதே ஓட்ட நேரத்தில் பைபாஸைவிடக் கூடுதலாகத் தரும். நாளுக்கு 65 லிட்டர் வரை போகும் மாடல்கள் உண்டு. மெல்லிய இரைச்சல் கேட்கும். இடம் இருக்கிறது, மின் இணைப்பும் பக்கத்தில் இருக்கிறது என்றால் பைபாஸை விட்டு இதையே வாங்கச் சொல்வேன்.

ஸ்டீம் வேறு ஜாதி. ஹீட்டரின் சூட்டை நம்பாமல் தண்ணீரைத் தானே கொதிக்கவைத்து ஆவியை டக்டில் விடுகிறது. ஹீட்டர் அணைந்திருந்தாலும் டக்டில் காற்றைத் தள்ளும் விசிறியை மட்டும் ஓடவிட்டு ஈரம் தரும். மாடலைப் பொறுத்து நாளுக்கு 130 லிட்டர் வரைகூடப் போகும். சொன்ன ஈரப்பதத்தைச் சொன்னபடி பிடித்து நிறுத்துவது இது ஒன்றுதான். விலை மின் கணக்கில் தெரியும். 10 டிகிரி தண்ணீர் ஒரு லிட்டரைக் கொதிக்கவைத்து முழுக்க ஆவியாக்க ஏறக்குறைய 0.73 யூனிட் வேண்டும். நாளுக்கு 20 லிட்டர் என்றால் கிட்டத்தட்ட 15 யூனிட். தனி மின்சுற்றும் இழுக்க வேண்டும். எலெக்ட்ரோடு வகையில் தண்ணீரே மின்சாரத்தைக் கடத்துகிறது, ஆகவே உப்பே இல்லாத ஆர்ஓ தண்ணீரில் அது வேலை செய்யாது. உப்பு அதிகமென்றால் தண்ணீர் கொதிக்கும் கலமான கேனிஸ்டர் சீக்கிரம் கட்டிபிடித்து மாற்றச் சொல்லும். பேடை மாற்றுவது ஐந்து நிமிட வேலை, செலவும் சில்லறை. கேனிஸ்டர் அப்படியல்ல.

‘பேட் வகைக்கு மின்சாரமே செலவில்லை’ என்று விற்பவர்கள் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். எந்த வழியில் ஆவியாக்கினாலும் அந்த வெப்பத்தை யாராவது கொடுத்தாக வேண்டும். பேட் அதை வீட்டுக் காற்றிலிருந்து எடுக்கிறது: லிட்டருக்குச் சுமார் 0.68 யூனிட். இழந்த சூட்டை ஈடுகட்ட ஹீட்டர் கொஞ்சம் கூடுதலாக எரியும். அது மலிவான எரிபொருளில் ஓடுகிறதென்றால் பேட் வகையே லாபம்.

வெளியே உள்ள வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுத்துவரும் ஹீட் பம்ப் இருக்கும் வீட்டில்தான் கணக்கு இடிக்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் தரும் ஹீட் பம்ப் என்றால், அந்த 0.68 யூனிட் வெப்பத்துக்கு 0.23 யூனிட் மின்சாரம் போதும். ஸ்டீமில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ஹீட் பம்ப் அனுப்பும் காற்று எரிவாயு ஹீட்டரின் காற்றைப் போலச் சூடாக இருப்பதில்லை, பேடில் ஆவியாவது மந்தமாகிவிடும். பேடுக்கு வெந்நீர்க் குழாயை இணைத்தால் கொஞ்சம் தேறும், அந்த வெந்நீரிலும் பெரும்பகுதி சாக்கடைக்குத்தான். வீட்டில் ஹீட் பம்ப் வந்த பிறகு நான் ஸ்டீமுக்கு மாறியது இதனால்தான். மின் கட்டணம் பார்க்கும் அன்று மட்டும் கொஞ்சம் உறுத்தும்.

சரி, ‘ஸ்மார்ட்’ எங்கே வருகிறது? பேட் மாற்றும் நாள் வந்துவிட்டது என்று அறிவிப்பு வரும். அது பேடைப் பார்த்துச் சொல்வதில்லை, ஓடிய மணியையோ நாள்காட்டியையோ எண்ணிச் சொல்கிறது. படுக்கையிலிருந்தே ஆப்பில் சதவீதத்தை ஏற்றி இறக்கலாம். இரண்டாவது வாரத்தில் அந்த ஆசை தீர்ந்துவிடும். நான் காசு கொடுக்கத் தயாரான புத்தி ஒன்றே ஒன்று: வெளிவெப்பத்தைப் பார்த்து உள் ஈரப்பதத்தைத் தானே குறைப்பது.

காரணம் ஜன்னல். அறை 21 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்றால், 7 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் முத்து முத்தாகப் பூக்கும். ஈரப்பதத்தை 30க்கு இறக்கினால் அந்த எல்லை 3 டிகிரிக்குக் கீழே போகும். ஆக வெளியே குளிர் கூடக் கூட உள்ளே ஈரத்தைக் குறைத்தாக வேண்டும். தயாரிப்பாளர்கள் தரும் பொதுவான அட்டவணை இது: வெளியே மைனஸ் 7 டிகிரியில் 35 சதவீதம், மைனஸ் 12இல் 30, மைனஸ் 18இல் 25, மைனஸ் 29இல் 15. ஈரப்பத அளவைக் கையால் திருகி வைக்கும் ஹியூமிடிஸ்டாட்டில் இதை நாம்தான் செய்ய வேண்டும், செய்ய மாட்டோம். அப்படி மறந்த ஒரு இரவில் கண்ணாடியில் வழிந்த நீர் ஜன்னல் சட்டத்தில் உறைந்தது, மாதக் கடைசியில் அங்கே கறுப்புப் பூஞ்சை. கண்ணாடியில் வழிவதையாவது பார்க்கலாம். சுவருக்குள்ளும் கூரைக்கடியிலும் கோத்துக்கொள்ளும் ஈரம் கண்ணுக்கே தெரியாது.

இதிலும் இரண்டு ரகம். வீட்டின் சூட்டோடு ஈரத்தையும் கட்டுப்படுத்தும் சில தெர்மோஸ்டாட்டுகள் வெளிவெப்பத்தை இணைய வானிலையிலிருந்து எடுக்கும், சிலவற்றுக்கு வெளிச்சுவரில் பொருத்திய கம்பிச் சென்சார். வைஃபை போன இரவில் முதல் ரகம் என்ன செய்யும் என்பதை வாங்கும் முன்னே கேட்டுக்கொள்ளுங்கள். நான் கம்பியைத்தான் தேர்ந்தெடுத்தேன். கூடவே கருவிக்குக் கீழே தரையில் ஒரு நீர்க்கசிவு சென்சார். டிரெயின் குழாய் அடைத்துக்கொண்டால் எந்த வகைக் கருவியும் தரையை நனைக்கும், அதை ஆப் சொன்னால் மட்டும் எனக்குச் சந்தோஷம்.

எவ்வளவு பெரிய கருவி என்பதை வீட்டின் பரப்பை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். 500 கன மீட்டர் வீட்டில் மணிக்கு 0.3 பங்கு காற்று மாறுகிறது, வெளியே மைனஸ் 10 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 40 சதவீதத்தில் நிறுத்த நாளுக்குச் சுமார் 20 லிட்டர் போதும். சமையல், குளியல், மூச்சு எல்லாமே அதில் கணிசமான பங்கைத் தந்துவிடும். அதே வீடு ஓட்டையும் ஒழுக்குமாக 0.6 பங்கு காற்றை விட்டால் 40 லிட்டர். கதவிடுக்கு ரப்பருக்கும் சந்து அடைக்கும் பசைக்கும் செலவழித்த பிறகு என் ஸ்டீம் கருவி ஓடும் நேரம் கண்கூடாகக் குறைந்தது. அதைக் கருவி வாங்குவதற்கு முன்பே செய்திருந்தால் சின்ன மாடலோடு நிறுத்தியிருப்பேன்.

கடைசியாக ஒரு வேலை. திரையில் தெரியும் சதவீதத்தை நம்புவதற்கு முன் ஒரு மூடியில் சமையல் உப்பைக் கொட்டி, கரையாமல் கூழாகும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, கையடக்க ஈரமானியோடு சேர்த்து ஒரு ஜிப் பையில் மூடி வையுங்கள். எட்டுப் பத்து மணி நேரத்தில் அது 75 காட்ட வேண்டும். என்னுடையது 71 காட்டியது. நான்கைக் கூட்டிக்கொண்டு தெர்மோஸ்டாட் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தெர்மோஸ்டாட் அதைவிட மூன்று குறைவாகச் சொன்னது. 40 என்று நினைத்து 43இல் ஒரு குளிர்காலம் முழுக்க ஓட்டியிருக்கிறேன்.