வீட்டுப் பாதுகாப்புக்குப் பழைய ரிவால்வரா, பிஸ்டலா, ஷாட்கன்னா?

அமெரிக்காவில் ஒருவர் தம் வீட்டைக் காத்துக்கொள்ளக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008-ஆம் ஆண்டு ஹெல்லர் வழக்கில் தீர்ப்பளித்தது. மக்கள் நீண்ட துப்பாக்கியை விட்டுக் கைத்துப்பாக்கியை ஏன் நாடுகிறார்கள் என்பதற்கு அத்தீர்ப்பே சில காரணங்களைச் சொல்கிறது. அவசரத்தில் கைக்கு எட்டும் இடத்தில் அதை வைக்கலாம்; எதிராளி அதை எளிதில் பிடுங்கிவிட முடியாது; தோள்வலு குறைந்தவரும் அதைத் தூக்கிக் குறிபார்க்கலாம்; ஒரு கையில் பிடித்தபடியே மறு கையால் காவல்துறையை அழைக்கலாம். எந்த வகைக் கைத்துப்பாக்கி என்பது நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டிய கேள்வியன்று. அங்கே குடியேறியுள்ள நம்மவர் குடும்பங்கள் உட்பட, துப்பாக்கி வாங்குவது என்று முடிவெடுத்த ஒவ்வொருவரும் கடையில் நிற்கும்போது தாமே விடை காண வேண்டிய கேள்வி அது. சுழலும் உருளையில் ஆறு தோட்டா கொள்ளும் .38 ஸ்பெஷல் ரிவால்வர், பிடிக்குள் செருகும் மேகசின் என்ற தோட்டாப் பெட்டியிலிருந்து அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் 9 மி.மீ. அரைத்தானியங்கிப் பிஸ்டல், முன்பிடியைக் கையால் இழுத்துத் தள்ளி ஒவ்வொரு தோட்டாவையும் ஏற்றும் நீண்ட துப்பாக்கியான 12 கேஜ் பம்ப் ஷாட்கன் ஆகிய மூன்றையும் இங்கே எடைபோடுகிறேன் (.38, 9 மி.மீ., 12 கேஜ் என்பவை தோட்டா அளவுகள்). அடிக்கடி பயிற்சிக்குச் செல்லாத சாதாரணக் குடும்பத்தாருக்கு இம்மூன்றில் பழைய ரிவால்வரே பொருத்தமானது என்பது என் முடிவு. ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களை நான் பெரிதாக நம்பவில்லை.

பழைய ரிவால்வர் என்ற பெயரில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிடக் கூடாது என்பதால், முதலில் சிலவற்றை விலக்கிவிட வேண்டும். 1873-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி வகையில், ஒவ்வொரு முறை சுடுவதற்கும், தோட்டாவை அடித்து வெடிக்கச் செய்யும் சுத்தியைக் கட்டைவிரலால் பின்னிழுக்க வேண்டும். காலியான உறைகளை ஒவ்வொன்றாகக் கம்பியால் தள்ளி வெளியேற்ற வேண்டும். உருளையின் ஆறு அறைகளையும் நிரப்பிவைத்தால் சுத்தி ஒரு தோட்டாவின் மேலேயே அமர்ந்திருக்கும் என்பதால், விவரமறிந்தவர்கள் ஐந்தை மட்டுமே நிரப்பினார்கள். பாட்டனார் விட்டுச்சென்ற, ஐவர் ஜான்சன் என்ற நிறுவனத்தின் தயாரிப்பு போன்ற, நடுவில் மடக்கித் திறக்கும் மலிவு ரிவால்வர்களிலும் சிக்கல் உண்டு. அவற்றுள் பல, பழைய வெடிமருந்தான கருமருந்தின் காலத்தில் செய்யப்பட்டவை. இன்றைய புகையற்ற வெடிமருந்தின் அழுத்தத்தைத் தாங்குவதற்கு உருவானவையல்ல. ஸ்மித் & வெஸன் ரிவால்வரிலுங்கூட 1945-க்கு முற்பட்டவற்றைத் தனியே பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது கப்பல் தளத்தில் தவறி விழுந்த ஒரு ரிவால்வரிலிருந்து தோட்டா பாய்ந்து கடற்படை வீரர் ஒருவர் இறந்த பிறகுதான், சுத்தியைத் தடுத்து நிறுத்தும் நம்பகமான தடுப்பை அந்நிறுவனம் உள்ளே பொருத்தத் தொடங்கியது. ஆகவே இந்த அலசலில் ரிவால்வர் என்று நான் குறிப்பிடுவது, 1899-இல் 'மிலிட்டரி அண்ட் போலீஸ்' என்ற பெயரில் பிறந்து, 1957-இல் 'மாடல் 10' என்று எண் பெற்று, பல பத்தாண்டுகள் அமெரிக்கக் காவலர்களின் இடுப்பில் தொங்கிய நான்கு அங்குலக் குழல் ரிவால்வரையும் அதன் நெருங்கிய உறவினங்களையுமே.

தோட்டா எண்ணிக்கையில் ரிவால்வர் தோற்கிறது என்பதில் ஐயமில்லை. மாடல் 10 ஆறு கொள்ளும். கிளாக் 17 என்ற 9 மி.மீ. பிஸ்டல் பதினேழு கொள்ளும். 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்.பி.ஐ. முகவர்கள் இரண்டு கொள்ளையரோடு மோதியபோது, பெரும்பாலானோர் கையில் ரிவால்வரே இருந்தது. கையில் காயம்பட்ட ஒரு முகவரால் தம் ரிவால்வரில் மீண்டும் தோட்டா நிரப்ப முடியவில்லை. இரண்டு முகவர்கள் உயிரிழந்த அந்த மோதலுக்குப் பின் காவல் துறைகள் பிஸ்டலை நோக்கி வேகமாக நகர்ந்தன. நியூயார்க் காவல்துறை 1993-இல் 9 மி.மீ. பிஸ்டலுக்கு மாறத் தொடங்கி, 2018-இல் எஞ்சிய சில ரிவால்வர்களையும் விலக்கிக்கொண்டது. காவலரைப் பொறுத்தவரை அது சரியான முடிவு. ஆனால் காவலர் குற்றவாளியைத் துரத்திப் பிடிக்கக் கடமைப்பட்டவர். வீட்டுக்காரர் குடும்பத்தை ஓர் அறையில் சேர்த்துக் கதவைத் தாழிட்டு, அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்துவிட்டு, கதவை உடைத்துக்கொண்டு வருபவரை மட்டுமே எதிர்கொள்ள வேண்டியவர். அவருக்குப் பதினேழு தோட்டாக்கள் ஒருநாளும் தேவைப்படாது என்று எவராலும் உறுதி கூற முடியாது. ஆயினும் அவர் எடுக்கும் முடிவு அந்த ஓர் எண்ணை மட்டுமே சார்ந்திருக்க வேண்டியதில்லை.

ரிவால்வர் ஒருபோதும் சிக்காது என்ற புகழ் முழு உண்மையன்று. தோட்டாவைத் தள்ளும் நட்சத்திர வடிவத் தகட்டின் அடியில் எரியாத மருந்துத் துகள் நான்கைந்து சேர்ந்தாலே உருளை மூடாமல் அடம்பிடிக்கும். உறைகளை வெளியே தள்ளும் தள்ளுகம்பியின் மரை கழன்றால் உருளையைத் திறக்கவே முடியாது. பிஸ்டல் சிக்கினால் பயிற்சி பெற்றவர் இரண்டு விநாடிகளில் சரிசெய்துவிடுவார். ரிவால்வர் உள்ளே சிக்கினால் அந்த இரவுக்கு அது வெறும் இரும்பு. ஒரு தோட்டா வெடிக்காமல் போகும் சாதாரணக் கோளாற்றில் மட்டும் ரிவால்வருக்குத் தெளிவான மேன்மை உண்டு: விசையை மறுபடி அழுத்தினால் உருளை சுழன்று அடுத்த தோட்டா முன்னே வந்துவிடும். நடுங்கும் கையால் தளர்வாகப் பிடித்தால் பிஸ்டலின் நகரும் மேற்பகுதியான ஸ்லைடு முழுதும் பின்சென்று திரும்பாமல் இடையில் நின்றுவிடக்கூடும். ரிவால்வரோ பிடியின் உறுதியைச் சார்ந்து இயங்குவதில்லை.

ரிவால்வரின் உண்மையான குறை அதன் விசையில் இருக்கிறது. சுத்தியை முன்கூட்டி இழுக்காமல் சுடும்போது விசையை ஏறத்தாழ 10 முதல் 12 பவுண்டு வலுவோடு நெடுந்தொலைவு இழுக்க வேண்டும். கிளாக்கில் அது ஏறத்தாழ ஐந்தரைப் பவுண்டு, தூரமும் குறைவு. அவ்வளவு நீண்ட இழுப்பில் புதியவரின் கை பக்கவாட்டிலோ கீழேயோ சாய்ந்து குறி தவறுவது மிகச் சாதாரணம். அதைத் தவிர்க்கச் சுத்தியைப் பின்னிழுத்து வைத்துக்கொண்டு மூன்று, நான்கு பவுண்டு இழுப்பில் சுடலாமே என்று தோன்றும். அந்த வழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அச்சத்தில் இருக்கும் ஒருவரின் விரல் அந்த மெல்லிய விசையின் மேல் இருக்கும்போது, எதிரே இருளில் நிற்பவர் சொல்லாமல் ஊரிலிருந்து திரும்பிய மகனாகவும் இருக்கலாம். நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் காவல் துறைகள் தங்கள் ரிவால்வர்களைச் சுத்தி இழுத்துச் சுட முடியாதபடியே மாற்றி அமைத்தன. நீண்ட இழுப்பைப் பழகிக்கொள்வதற்குக் காசும் தேவையில்லை: தோட்டாக்களை வேறோர் அறையில் வைத்துவிட்டு, காலி உருளையை இருமுறை சரிபார்த்து, பாதுகாப்பான திசையில் நாளுக்குச் சில நிமிடங்கள் விசையை அழுத்திப் பழகினால் சில வாரங்களில் கை நிலைபெறும். அதற்கும் மனமில்லாதவர் எந்தத் துப்பாக்கியையும் வாங்காமல் இருப்பதே நல்லது.

இனி, என் முடிவுக்கு அடிப்படையான காரணத்துக்கு வருகிறேன். துப்பாக்கிகளை ஒப்பிடுகிறவர்கள் சுடும் அந்தச் சில விநாடிகளையே அளக்கிறார்கள். ஆனால் ஒரு வீட்டுத் துப்பாக்கி தன் வாழ்நாள் முழுவதும் பெட்டியில் கிடக்கிறது. எப்போதாவது எடுக்கப்படுகிறது, காலி செய்யப்படுகிறது, துடைக்கப்படுகிறது, மீண்டும் நிரப்பப்படுகிறது. விபத்துகள் பெருமளவில் நேர்வது இந்தக் கையாளுதலின் போதுதான். பிஸ்டலை எடுத்துக்கொள்வோம். மேகசினை உருவியதும் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று பழக்கமற்றவர் நினைத்துவிடுகிறார்; குழலின் பின்னறையிலோ ஒரு தோட்டா இன்னும் உட்கார்ந்திருக்கிறது. மேகசின் இல்லாவிட்டாலும் பெரும்பாலான பிஸ்டல்கள் அந்த ஒரு தோட்டாவைச் சுட்டுவிடும். கிளாக்கைத் துடைப்பதற்காகப் பிரிப்பதற்கு முன் விசையை ஒருமுறை அழுத்தியாக வேண்டும் என்பதும் சேர்ந்துகொள்ளும்போது, கவனம் பிசகிய ஒரு கணத்தில் என்ன நேரும் என்பதை விளக்கத் தேவையில்லை. பின்னறையில் தோட்டா இருப்பதைக் காட்டும் அடையாளமும், மேகசின் இல்லாதபோது சுடாதபடி தடுக்கும் அமைப்பும் புதிய பிஸ்டல் வகைகளில் வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் சட்டம் இயற்றியது இந்த ஆபத்தை உணர்ந்துதான்.

ரிவால்வரில் இந்தப் புதிர் இல்லை. பொத்தானைத் தள்ளி உருளையை இடப்பக்கம் சாய்த்தால் ஆறு அறைகளும் கண்ணெதிரே திறந்துவிடுகின்றன. தள்ளுகம்பியை ஒருமுறை அழுத்தினால் ஆறும் உள்ளங்கையில் விழுகின்றன. ஒளிந்துகொள்ள ஏழாவது இடம் கிடையாது. மணிக்கட்டு வாதத்தால் பிஸ்டலின் ஸ்லைடை இழுக்க முடியாத எழுபது வயதுப் பெண்மணியும், ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே அதைத் தொடும் அவர் மருமகனும் ஒரே பார்வையில் அது நிரம்பியிருக்கிறதா என்று சொல்லிவிடலாம். ஒரே ஆயுதத்தை வீட்டில் இரண்டு மூன்று பேர் கையாள வேண்டியிருக்கும் இடத்தில் இந்த வெளிப்படைத்தன்மைக்கு நான் பதினொரு கூடுதல் தோட்டாக்களைவிட அதிக மதிப்பளிக்கிறேன்.

அதே சமயம், கனமான விசை குழந்தைகளைக் காக்கும் என்ற நம்பிக்கையை அடியோடு கைவிட வேண்டும். ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டு விரல்களைச் சேர்த்தால் பத்துப் பவுண்டு விசையை இழுத்துவிடுவார்கள் என்று 1990-களிலேயே ஆய்வு காட்டியிருக்கிறது. கலிஃபோர்னியாவில் கைத்துப்பாக்கி வாங்கியவர்களைப் பின்தொடர்ந்து 2020-இல் வெளியான பெரிய ஆய்வு, துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் வாய்ப்பு துப்பாக்கி இல்லாத ஆண்களைவிட வைத்திருக்கும் ஆண்களிடம் எட்டு மடங்கும், பெண்களிடம் முப்பத்தைந்து மடங்கும் உயர்ந்திருந்ததைக் கண்டது. மூன்று வகைத் துப்பாக்கியில் எதை வாங்கினாலும், எண்ணை அழுத்தியதும் திறக்கும் இரும்புப் பெட்டி துப்பாக்கிக்கு முன்பே வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். வீட்டில் யாரேனும் ஆழ்ந்த மனச்சோர்வில் இருந்தால், பெட்டியைத் திறக்கும் எண்ணை அவர் அறியாதபடி மாற்றுவதும், முடிந்தால் துப்பாக்கியையே சில காலம் வீட்டைவிட்டு வெளியேற்றுவதும் கடமையாகும். பெட்டியில் அடங்கும் வகையிலும் கைத்துப்பாக்கிக்கே எளிமை அதிகம். ஷாட்கன் பலருடைய வீட்டில் அலமாரி மூலையில் பூட்டின்றிச் சாய்த்து வைக்கப்படுவதற்கு அதன் நீளமே காரணம்.

ஷாட்கன்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ரெமிங்டன் 870, மாஸ்பெர்க் 500 ஆகியவை மலிவானவை, உறுதியானவை. வழக்கமான 00 பக்ஷாட் தோட்டா ஒன்றில் ஒன்பது குண்டுகள் ஒரே நேரத்தில் பாய்வதால் அதன் தாக்கத்துக்கு எந்தக் கைத்துப்பாக்கியும் ஈடாகாது. ஆனால் குறிபார்க்கத் தேவையில்லை, திசையைக் காட்டினால் போதும் என்ற பேச்சு பொய்யானது. ஓர் அறையின் நீளத்துக்குள் அந்தக் குண்டுகள் உள்ளங்கை அகலத்துக்கு மேல் பெரும்பாலும் விரிவதில்லை. 2013-இல் அன்றைய துணை அதிபர் ஜோ பைடன், மாடியில் நின்று வீட்டுக்கு வெளியே இரண்டு முறை சுட்டால் போதும் என்ற பொருளில் இரட்டைக்குழல் ஷாட்கன்னைப் பரிந்துரைத்தார். அப்படிச் சுடுவது பல இடங்களில் குற்றமாகும் என்பதோடு, வானை நோக்கிச் சுட்டாலும் மேலே போனது கீழே வந்தே தீரும். ஷாட்கன்னின் பின்னுதைப்பு சிறிய உடலமைப்பு உள்ளவரைப் பயிற்சியையே வெறுக்கச் செய்கிறது. இரண்டு கையும் வேண்டும் என்பதால், குழந்தையைத் தூக்கவோ தொலைபேசியைப் பிடிக்கவோ கை இருக்காது. ஒரே அறையில் கதவைப் பார்த்து அமர்ந்திருக்கப்போகும் தனி மனிதருக்கு அது சிறந்தது. கூடத்தைக் கடந்து பிள்ளைகளின் அறைக்குச் செல்ல வேண்டியவருக்கு அது தடை. அமெரிக்க வீடுகளின் ஜிப்சம் உட்சுவர்களை மூன்றின் குண்டுகளும் துளைத்துச் செல்லும் என்பதால், அந்த வகையில் எதற்கும் சலுகை இல்லை.

மாதம் ஒருமுறையாவது பயிற்சிக் களத்துக்குச் சென்று, சிக்கலைத் தீர்க்கவும் காலி செய்யவும் கைப்பழக்கம் பெற்றவர் தயங்காமல் 9 மி.மீ. பிஸ்டலை வாங்கலாம், அவர் கையில் அது ரிவால்வரைவிட மேலானது. மற்றவர்களுக்கு நான் சொல்வது, எஃகுச் சட்டமும் நான்கு அங்குலக் குழலும் கொண்ட, ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள .38 ரிவால்வர். சட்டைப்பைக்குள் அடங்கும் ஐந்து தோட்டா ரிவால்வர்களின் அழகில் மயங்க வேண்டாம். எடை குறையக் குறையப் பின்னுதைப்பு கூடும், குட்டைக் குழலில் குறிபார்ப்பதும் கடினம்.

பழையதாக வாங்கும்போது, காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, சுத்தியை ஆறு அறைகளுக்கும் மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். சுத்தி முழுதும் பின்னே வந்து நிற்பதற்குள் உருளை ஒவ்வொரு முறையும் பூட்டிக்கொள்ள வேண்டும். விசையை அழுத்திப் பிடித்த நிலையில் உருளை கலகலவென்று ஆடக் கூடாது. உருளைக்கும் குழலுக்கும் இடையிலான இடைவெளி 0.15 மி.மீ. அளவில் இருந்தால் நன்று, 0.25-ஐத் தாண்டினால் விட்டுவிடலாம். கடைசியாக, ஸ்மித் வெஸன் தயாரிப்பு என்றால், உருளையைத் திறந்து அதைத் தாங்கும் கைப்பகுதி பொருந்தும் இடத்தில் மாடல் எண் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண் இல்லையென்றால் அது 1957-க்கு முற்பட்ட தயாரிப்பாக இருக்கக்கூடும். அதில் அழுத்தம் கூடிய +பி வகைத் தோட்டாக்களைத் தவிர்த்து, சாதாரண அழுத்தத் தோட்டாக்களை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.