ஏலத்தில் பழம்பொருள் எடுப்பவர்கள் அடிப்பக்கத்தைப் பார்க்காமல் கை தூக்காதீர்கள்

மும்பை கோட்டைப் பகுதியில் நடந்த ஒரு பழம்பொருள் ஏலத்தில் நான் எடுத்த லாட்டை, அதாவது ஒன்றாகச் சேர்த்து ஏலம் விட்ட பொருள்களைப் பற்றிய எச்சரிக்கை இது. ஏல நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது, பெயர் வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். பரவாயில்லை, இவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தால் போதும். வேறு இடத்திலும் இதே வேலைதான் நடக்கும்.

லாட்டில் மூன்று பொருள்கள். 1867 பாரிஸ் உலகக் கண்காட்சியின் பதக்கம் ஒன்று, மூன்றாம் நெப்போலியன் தலை போட்டது. மேலே ஒரு பெண் உருவம் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் பிரெஞ்சு மேஜைக் கடிகாரம் ஒன்று, அந்த உருவம் வெண்கலம் என்று பட்டியலில் எழுதியிருந்தார்கள். அப்புறம் முக்கால் அடி உயர நடராஜர். பட்டியலில் நடராஜருக்குப் போட்டிருந்த விவரம்: தஞ்சாவூர் வட்டாரம், 19ஆம் நூற்றாண்டு, வெண்கலம். மூன்றுமே மலபார் ஹில்லில் ஒரு பார்சி வீட்டிலிருந்து வந்தவையாம். அதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

ஏலத்துக்கு முன்பு பொருள்களைப் பார்க்க நாள் ஒதுக்குவார்கள். அன்றைக்குத்தான் ஆட்டம் ஆரம்பம். பதக்கத்தை நான் கேட்காமலேயே எடுத்துக் கையில் கொடுத்தார்கள், பூதக்கண்ணாடியும் கொடுத்தார்கள். பாரிஸ் நாணயச்சாலைப் பதக்கங்களில் விளிம்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கே பழைய அச்சுகளை வைத்துப் பிற்காலத்திலும் பதக்கம் அடித்து விற்றிருக்கிறார்கள். எப்போது அடித்தது என்பதை விளிம்பு முத்திரை காட்டிக்கொடுத்துவிடும். 1845 முதல் 1860 வரை சுட்டும் கை, 1860 முதல் 1880 வரை தேனீ, 1880க்குப் பிறகு பழங்கள் வழியும் கொம்பு. முகத்தில் 1867 இருந்து விளிம்பில் கொம்பு இருந்தால் அது பிற்பாடு அடித்த பிரதி. இதில் தேனீ இருந்தது. அசல்.

ஆனால் கடிகாரமும் நடராஜரும் கண்ணாடிப் பெட்டிக்குள். திறக்கச் சொன்னால் சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். பின்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்று மெயில் போட்டேன். முன்பக்கப் போட்டோக்களே மறுபடி வந்தன, இன்னும் நல்ல வெளிச்சத்தில். நல்ல பொருளைக் கையில் கொடுத்து நம்பவைப்பது, மற்றதைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துத் தள்ளிவிடுவது. தனியாக விற்றால் சில ஆயிரங்களுக்குப் போகிற பதக்கத்தை ஏன் இந்தக் கூட்டத்தோடு சேர்த்தார்கள் என்பதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஏலத்தன்று கடைசி வரிசையில் ஒருவர் என்னோடு விடாமல் போட்டி போட்டார். 1,40,000 ரூபாய்க்குச் சுத்தியல் விழுந்தது. அதன் மேல் ஏல நிறுவனம் தனக்கென்று வாங்கும் 20 சதவீத பிரீமியம், பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி, பேக்கிங், டெம்போ எல்லாம் சேர்ந்து ஒன்றே முக்கால் லட்சத்தைத் தொட்டுவிட்டது. பொருளை எடுக்க அவர்களுடைய குடோனுக்குப் போனால், போட்டி போட்ட அதே மனிதர் கழுத்தில் நிறுவனத்தின் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு என் நடராஜரை பபிள் ராப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறார்! என்னைப் பார்த்ததும் அட்டையைச் சட்டைப் பைக்குள் செருகினார். 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். விலையை ஏற்ற விற்பவர் தரப்பில் பொய்யாக ஏலம் கேட்டால், அந்த விற்பனையை ரத்து செய்யும் உரிமை வாங்கியவருக்கு உண்டு.

கடிகாரத்தை மட்டன் ஸ்ட்ரீட் பக்கம் இருக்கும் ஒரு பழைய ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனேன். பின்மூடியைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். இயந்திரம் நல்ல பிரெஞ்சு சரக்குதான், ஜாப்பி என்ற பிரெஞ்சுக் கடிகார நிறுவனத்தின் முத்திரை தெளிவாக இருந்தது. பின்தகட்டில் ஒரு வரிசை எண் அடித்திருக்கும். அதே எண் பெண்டுலக் குண்டின் பின்னாலும் இருக்க வேண்டுமாம். இதில் இரண்டும் வேறு வேறு. தகட்டின் கீழ்ப்பக்கம் தனியாக இரண்டு சின்ன எண்கள் உண்டு. அவை பழைய பிரெஞ்சு அங்குலக் கணக்கில் பெண்டுலத்தின் நீளம். அந்த அங்குலம் சுமார் 2.7 சென்டிமீட்டர். அளந்து பார்த்தால் பெண்டுலம் எங்கேயோ நிற்கிறது. கூட்டில் இயந்திரத்தைப் பிடிக்கும் திருகுகளுக்குப் பக்கத்திலேயே பழைய ஓட்டைகளை மெழுகு வைத்து அடைத்திருந்தார்கள். ஒரு கடிகாரத்தின் கூடு, இன்னொன்றின் இயந்திரம், மூன்றாவதன் பெண்டுலம்.

மேலே இருந்த பெண் உருவம் ஒரே திருகில் கழன்று வந்தது. அதைத் தாராவியில் பழைய உலோகம் எடுக்கும் நம்ம ஊர் அண்ணாச்சி ஒருவரிடம் காட்டினேன். உள்பக்கம், வெளியே தெரியாத இடத்தில், அரத்தால் ஒரே இழுப்பு. வெள்ளையும் சாம்பலுமாகப் பல்லிளித்தது. "தம்பி, இது ஜஸ்தாலா. வெண்கலம்னா ராவுன இடம் மஞ்சளும் செவப்புமா மின்னும்" என்றார். ஜஸ்தா என்றால் துத்தநாகம், இங்கே காயலான் கடைக்காரர்கள் எல்லோருக்கும் அதுதான் பேர். எனக்கு அப்போதும் மனம் ஒப்பவில்லை. சரி, தண்ணியிலயும் பாத்துருவோம் என்று தராசில் கயிறு கட்டித் தொங்கவிட்டார். வெளியே 4 கிலோ 200 கிராம். பிளாஸ்டிக் டிரம்மில், உள்ளே இருக்கும் காற்றெல்லாம் குமிழி விட்டுப் போகும்வரை சாய்த்துச் சாய்த்து முக்கினால் 3 கிலோ 600. வித்தியாசம் 600 கிராம். 4,200ஐ 600ஆல் வகுத்தால் ஏழு, அதாவது தண்ணீரைப் போல ஏழு மடங்கு கனம். வெண்கலமாக இருந்தால் எட்டரைக்கு மேல் வந்தாக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சிலேயே துத்தநாகக் கலவையில் உருவம் வார்த்து, வெண்கல நிறம் ஏற்றி மலிவு விலைக் கடிகாரங்களில் வைத்திருக்கிறார்கள். அது தப்பே இல்லை, அதையும் ஆசைப்பட்டுச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். வெண்கலம் என்று எழுதி வெண்கலத்துக்கான விலையை வாங்கியதுதான் திருட்டு. இன்னொன்று, காந்தத்தை வைத்துப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். வெண்கலத்திலும் ஒட்டாது, துத்தநாகத்திலும் ஒட்டாது.

நடராஜரின் பீடத்துக்கு அடியில் பச்சை வெல்வெட் துணி ஒட்டியிருந்தது. மேஜையில் கீறல் விழாமல் இருக்க என்றார்கள். உரித்தேன். ஃபெவிகால் இன்னும் பிசுபிசுத்தது. கீழே புத்தம்புது கிரைண்டர் கோடுகள், பளபளவென்று பித்தளை நிறம், உள்ளே வெற்று. உடம்பெல்லாம் இருந்த களிம்புப் பச்சை, நெயில் பாலிஷ் ரிமூவரில் நனைத்த பஞ்சில் அப்படியே வந்துவிட்டது. பூமியில் கிடந்து தானாக ஏறிய பச்சை அப்படி வராது. நடராஜரைச் சுற்றி இருக்கும் சுடர் வளையமான திருவாசியின் விளிம்பில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு, அரத்தால் தேய்த்து மறைத்திருந்தார்கள். கும்பகோணத்தில் இருக்கும் மச்சான் மூலமாக சுவாமிமலை ஸ்தபதி ஒருவருக்குப் படம் அனுப்பினேன். அவர் அந்தக் கோட்டை வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். நம் ஸ்தபதிகள் முதலில் மெழுகில் உருவம் செய்து, மேலே வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள். சிலையை எடுக்க மண்ணை உடைத்தாக வேண்டும். இரண்டு பாதி அச்சைச் சேர்த்து வார்த்தால்தான் இப்படி மூட்டுக் கோடு விழும்.

இதில் ஒரு கூத்து உண்டு. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட உலோகச் சிலை என்றால் 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி பதிவுச் சான்றிதழ் வேண்டும், அதை விற்பவருக்கு உரிமமும் வேண்டும். சான்றிதழ் எங்கே என்று கேட்டேன். "சார், அது அலங்காரப் பொருள்தான், பதிவு தேவையில்லை" என்று எழுத்திலேயே பதில் அனுப்பினார்கள். பட்டியலில் 19ஆம் நூற்றாண்டு, மெயிலில் அலங்காரப் பொருள். இரண்டையும் பிரின்ட் எடுத்து ஒன்றன் கீழ் ஒன்றாகப் புகாரோடு இணைத்திருக்கிறேன். சிலை வாங்கப்போகிற யாரும் முதல் கேள்வியாக இதையே எழுத்தில் கேளுங்கள். பழசு என்றால் சான்றிதழ் வர வேண்டும். சான்றிதழ் இல்லை என்றால் விலை இறங்க வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, இருந்த இடத்தில் இருந்த நிலையில் விற்பனை என்ற நிபந்தனையைக் காட்டினார்கள். ஏலத்தில் எடுத்தவர் நுகர்வோரே அல்ல என்பது ஆணையத்தில் அவர்களுடைய வாதம். வாதாடட்டும். 5 லட்சம் வரையிலான தொகைக்கு மாவட்ட ஆணையத்தில் மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாதவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். பொருளைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்து வையுங்கள், பிரித்த அட்டைப்பெட்டியையும் லாட் சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள்.

நேற்று அவர்களுடைய அடுத்த ஏலத்தின் பட்டியல் வந்திருக்கிறது. அதில் ஒரு நடராஜர், முக்கால் அடி, தஞ்சாவூர் வட்டாரம், 19ஆம் நூற்றாண்டு. திருவாசியில் இடது பக்கம் மூன்றாவது சுடர் கொஞ்சம் வளைந்திருக்கிறது, என்னிடம் இருப்பதிலும் அதே சுடர் அதே மாதிரி வளைந்திருக்கிறது. கேட்க நினைப்பவர்கள் முதலில் அந்த வெல்வெட்டை உரிக்கச் சொல்லுங்கள்.